சாவி எல்லோருக்கும் வேண்டும், வீடு ஒருவருக்கும் வேண்டாம்

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்று வளர்த்தது மூன்று, பெறாமல் வளர்த்தது ஒன்று; அது என் தங்கை மகன். நால்வரும் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் நான் என்ன வேலை பார்த்தேன் என்பது ஒருவருக்கும் இன்றுவரை விளங்கவில்லை. "அம்மா கம்ப்யூட்டர்ல இருந்தாங்க" என்பார்கள், ஏதோ நான் அதற்குள்ளே குடியிருந்தது மாதிரி.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. கையெழுத்துப் போடுவேன், பேருந்துப் பலகை வாசிப்பேன், பெயரும் எண்ணும் பார்த்துத் தட்டுவேன், அதற்குமேல் எழுதச் சொன்னால் விரல் ஒத்துழைக்காது. ஆகவே நான் சொல்கிறேன், பேத்தி தட்டுகிறாள். ஆனால் சொல்வது அவளுக்கல்ல. டேட்டாபேஸில் எந்த டேபிளை யார் தொடலாம் என்று தீர்மானிக்கும் நாற்காலியில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு. உங்களில் பலர் சான்றிதழ்களைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது. சுவருக்கு அழகுதான்.

நான் இருந்தது டயாலிசிஸ் சென்டர்கள் நடத்தும் ஒரு கம்பெனியில். தலைமை அலுவலகம் பெட்டாலிங் ஜெயாவில். சென்டர்கள் பிரிக்பீல்ட்ஸில், கிள்ளானில், செராஸில், சுங்கை பூலோவில். நோயாளிகளின் விவரங்களைத் தட்டச்சு செய்யத்தான் என்னை எடுத்தார்கள். தட்டிக்கொண்டே இருந்தேன், ஒரு நாள் பார்த்தால் டேபிள்களுக்கு அனுமதி கொடுப்பதும் எடுப்பதும் என் தலையில் இருந்தது. புரோகிராம் எழுத எனக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த வினைச்சொற்கள் இரண்டுதான்: கொடு, பிடுங்கு. இந்தத் தொழிலில் அவை போதும் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். கோபித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களும் இதைக் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை விளக்கிவிடுகிறேன். நோயாளியின் பெயர் ஒரு டேபிளில் இருக்கும். யாருக்கு எந்தக் கிழமை எந்த மெஷின் என்பது இன்னொன்றில். மருந்தளவு வேறொன்றில். இவையெல்லாம் சேர்ந்து குடியிருக்கும் வீட்டுக்கு ஸ்கீமா என்று பெயர். வீடென்றால் சொந்தக்காரர் ஒருவர் உண்டு. அவர் பார்க்கலாம், எழுதலாம், அழிக்கலாம், வீட்டையே இடிக்கலாம். மற்ற எல்லோருக்கும் கொடுக்கப்பட்ட அனுமதிதான். அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லத்தான் உங்களுக்கு மூன்று நாள் பயிற்சி வைத்து ஹோட்டலில் சோறு போடுகிறார்கள்.

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் ஒரு சீனத்து அம்மாள். சிரிக்கவே மாட்டார். யார் வந்து எந்த அனுமதி கேட்டாலும் ஏன், எதற்கு என்று கேட்டதில்லை. மலாயில் ஒரே கேள்விதான்: "சம்பாய் பீலா?" எதுவரைக்கும்? கேட்டவர் விழிப்பார். ஏனென்றால் அனுமதி கேட்கிற எவரும் அது ஒரு நாள் முடியும் என்று நினைத்துக் கேட்பதில்லை. "ஏன் என்று கேட்டால் கதை சொல்வார்கள். எதுவரைக்கும் என்று கேள், கதை நின்றுவிடும்" என்பார் அந்த அம்மாள்.

அவர் போனபிறகு அந்தக் கேள்வியை மதிக்க ஆளில்லாமல் போனது. நான் கேட்டேன், ஆனால் எனக்கு மேலே இருந்தவர்கள் கேள்வி கேட்காமல் கொடுக்கச் சொன்னார்கள். அதிலும் பெருநாள் காலம் வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். நம் நாட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஹரி ராயா என்னும் நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர்கள் கம்பத்துக்கு, அதாவது சொந்த ஊருக்குப் போவார்கள், அவர்கள் வேலையை நாம் பார்ப்போம். சீனப் புத்தாண்டுக்குச் சீனர்கள் போவார்கள், மற்றவர்கள் பார்ப்பார்கள். தீபாவளிக்கு நாம் போவோம், அவர்கள் பார்ப்பார்கள். ஊரே மெச்சும் நல்ல வழக்கம். டேட்டாபேஸுக்கு மட்டும் நாசம். போகிறவருடைய அனுமதியை இருக்கிறவருக்குக் கொடுப்பார்கள். போனவர் பலகாரத்தோடு திரும்பி வருவார். அனுமதி திரும்பி வராது. ராயாவுக்கு வாங்கிய அனுமதியோடு ஒருவர் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, வேறு பிரிவுக்கும் மாறிப் போனார். அப்போதும் மருந்தளவை மாற்ற அவரால் முடியும். அவர் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது கார் நிறுத்துமிடங்களை.

அப்படி ஒரு புத்தாண்டு விடுமுறையில், பதில் ஆளாக உட்கார்ந்த ஒரு கிளார்க்குக்கு அழிக்கும் அனுமதியும் கொடுத்துவிட்டார்கள். பையன் சுத்தக்காரன். நெடுநாளாக வராத நோயாளிகளை எல்லாம், செத்துத்தான் போயிருப்பார்கள் என்று முடிவுகட்டி, டேபிளிலிருந்து துடைத்துவிட்டான். சுங்கை பூலோவில் ஒரு பெரியவர் பினாங்கில் மகள் வீட்டுக்குப் போய் அங்கேயே டயாலிசிஸ் செய்துகொண்டிருந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அண்ணே, உங்க பேரு இல்லையே" என்றாள் முன்மேசைப் பெண்.

"பேரு இல்லாட்டி என்ன லா, ஆளு இருக்கேனே! கிள்ளிப் பாரு!"

அன்று அவருக்கு எப்படியோ மெஷின் கிடைத்தது. கிளார்க்கைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சிஸ்டம் விட்டுச்சு ஆன்டி" என்றான். சாலையில் தடுப்பு இல்லாவிட்டால் ஆற்றுக்குள் காரை விடுவாயா என்று கேட்டேன். இல்லையென்று சொல்லுமுன் கொஞ்சம் யோசித்தான் பாருங்கள்.

இது சிரித்துவிட்டுப் போகிற கதை. இனி சொல்வது அப்படியல்ல.

எங்கள் கம்பெனியின் ஸ்கீமாவைக் கட்டியவர் பழைய ஐ.டி. மேனேஜர். கெட்டிக்காரர், அதை அவரே எல்லோரிடமும் சொல்வார். வீட்டைக் கம்பெனிப் பேரில் கட்டாமல் தன் சொந்தக் கணக்கின் பேரில் கட்டியிருந்தார். எத்தனை முறை சொன்னேன். "நான் எங்க போகப் போறேன் ஆன்டி?" என்பார். சிங்கப்பூருக்குப் போனார். கேக் வெட்டினோம்.

அவர் இடத்துக்கு ஒரு புது ஹெட் வந்தார். வெளிநாட்டுப் படிப்பு. நம் தமிழர்தான், ஆனால் தமிழ் பேசும்போது சூடான பாத்திரத்தைப் பிடிப்பவர் மாதிரி முகம் வைத்துக்கொள்வார். வந்த கையோடு எல்லா டேபிளுக்கும் முழு அனுமதி கேட்டார். எதுவரைக்கும் என்றேன். "ஆன்டி, நான் ஹெட்" என்றார். அவருக்கு அது பதிலாகத் தோன்றியது.

அவருக்குக் கீழே முத்துலட்சுமி என்று ஒரு பெண். சிவகாசிப் பக்கம். ஏஜென்ட் மூலம் ஒப்பந்தத்தில் வந்தவள். கம்பெனி ஆள் இல்லை, கம்பெனிக்கு வாடகைக்கு வந்த ஆள். வந்த புதிதில் என்னை மேடம் என்று கூப்பிட்டு, என் முறைப்பைப் பார்த்து ஆன்டிக்கு இறங்கினாள். கணவனையும் சின்ன மகளையும் அப்போதுதான் இங்கே வரவழைத்திருந்தாள். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை எடுத்து, பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். ஊருக்குப் போக முடியாதவள் என்பதால் ராயா, சீனப் புத்தாண்டு, தீபாவளி எல்லாவற்றுக்கும் பதில் ஆள் அவள்தான். எல்லோருடைய சாவியும் அவளிடம்.

தீபாவளிக்கு முதல் நாள் நான் அரைநாள் லீவு போட்டுப் பிரிக்பீல்ட்ஸில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கிள்ளான் சென்டர் சிஸ்டர்.

"ஆன்டி, திரையில ஒண்ணுமே இல்ல. பேஷண்ட் பேரு இல்ல, டைம்டேபிள் இல்ல. எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்க."

"எத்தன நேரமா?"

"இப்பத்தான். அரை மணி முன்னால பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு லா."

பூவைக் கடையிலேயே விட்டுவிட்டு ரயிலேறினேன். அலுவலகத்தில் முத்துலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய நாற்காலியில் ஹெட் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய பயணப் பெட்டி.

நடந்தது இதுதான். விடுமுறை முடிந்ததும் தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்கு ஒன்றுகூட இருக்கக்கூடாது. பழைய மேனேஜரின் கணக்கு இன்னும் இருந்தது. ஊருக்குப் புறப்படுமுன் அதை எடுத்துவிடச் சொன்னார் ஹெட். முத்துலட்சுமி எடுக்கப் போனாள். கம்ப்யூட்டர் மறித்தது: இவர் பேரில் வீடு இருக்கிறது, ஆளோடு சேர்த்து வீட்டையும் எடுக்கவா? "ஆன்டி வரட்டும் சார்" என்றாள் அவள். ஹெட்டுக்கு விமானம். "நகருங்க" என்று சொல்லி, அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவளுடைய கணக்கில், ஆமாம் என்று அழுத்திவிட்டார். ஆள் போனார். வீடும் போனது.

நீங்களாக இருந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? காப்புப் பிரதியைத் தேடி ஓடுவீர்கள். ஹெட்டும் அதைத்தான் சொன்னார். நான் போனைத்தான் எடுத்தேன். ஒவ்வொரு சென்டருக்கும் சொன்னேன்: திரையைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள், மருந்தளவு தெரியாத ஒருவரையும் மெஷினில் ஏற்றாதீர்கள், கட்டிலருகில் தொங்கும் அட்டையைப் பாருங்கள், டாக்டரிடம் கேளுங்கள், காத்திருக்க வையுங்கள். கிள்ளான் சிஸ்டர் சிரித்தாள். "எங்க ஆளுங்க முகத்தப் பாத்தாலே எத்தன கிலோ தண்ணி ஏறியிருக்குன்னு சொல்லிடுவேன் ஆன்டி. நீங்க நிதானமாப் பண்ணுங்க." நிதானமாகச் செய்ய யாராவது நமக்கு அனுமதி கொடுத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். அவசரத்தில் மீட்டு வைக்கும் காப்புப் பிரதி, அழித்ததைவிட அதிகமாக அழிக்கும்.

அதிகாலைப் பிரதி நல்லபடியாக இருந்தது. முத்துலட்சுமிதான் அதை மீட்டாள். ஒரு டேபிள்கூடத் தவறவில்லை. தற்காலிகமாக எல்லாவற்றையும் என் நிர்வாகக் கணக்கின் கீழ் இறக்கினோம். முதலில் சென்டர் நர்சுகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். மேலே உள்ளவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அவர்கள் திரையில் வரைபடம் தெரியாவிட்டால் யாருக்கும் ரத்தம் கெட்டுப் போகாது.

நோயாளிகளின் ஆபத்து அதோடு நீங்கியது. முத்துலட்சுமியின் ஆபத்து அப்போதுதான் ஆரம்பித்தது.

ஹெட் விமானத்தை விட்டுவிட்டார். அதற்கும் யாராவது பதில் சொல்ல வேண்டுமே. கூட்டம் கூட்டினார். நிதிப் பிரிவுக்காரர், செயல்பாட்டுப் பிரிவுக்காரர், அவர், நான், முத்துலட்சுமி. இயக்குநர் அம்மாள், புவான் என்றுதான் கூப்பிடுவோம், கம்பத்துக்குப் போகும் வழியில், போனில். கேள்வி ஒன்றுதான்: மீட்ட வீட்டை யார் பேரில் எழுதுவது?

"டேட்டா எல்லாம் ஃபைனான்ஸ்தான அதிகமா பாக்கறீங்க?" என்றார் ஹெட்.

"பாக்கறது வேற, வச்சுக்கறது வேற லா, பாஸ்" என்றார் நிதி.

"ஆபரேஷன்ஸ்?"

"நாங்க யூசர் மட்டும்தான்." போன மாதம் அதே மனிதர் முழு அனுமதி தராவிட்டால் ராஜினாமா செய்வேன் என்று என் மேசையைத் தட்டியவர். தட்டின இடத்தில் என் தேநீர் சிந்திய கறை இன்னும் இருந்தது.

ஹெட் தொண்டையைச் செருமினார். "முத்து பேர்ல போட்டுடலாம். எப்படியும் தீபாவளிக்குப் பதில் ஆளு அவங்கதான். இன்னைக்கி நடந்ததும் அவங்க கணக்குலதான். ரிப்போர்ட்டும் நீட்டா இருக்கும்."

நீட்டாக இருக்குமாம். வீட்டை இடித்தவர் இடத்தில் அவள் பேர், வீட்டுக்குச் சொந்தக்காரர் இடத்திலும் அவள் பேர். விடுமுறை முடிந்து வருகிற தணிக்கைக்காரர் வேறு யாரிடம் போவார்? முத்துலட்சுமிக்கு நொடியில் விளங்கிவிட்டது. என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்:

"ஆன்டி, ரிப்போர்ட்ல என் பேரு வந்தா ஏஜென்ட் வேலை பாஸ கேன்சல் பண்ணிடுவாரு. என் பாஸ்லதான் வீட்டுக்காரரு பாஸும் பாப்பா பாஸும் இருக்கு. என்னோடது போச்சுன்னா மூணு பேரும் கிளம்பணும்."

எனக்கு இதைப் போல விளங்கக்கூடியது உலகத்தில் வேறொன்று இல்லை. ஒருவருக்குக் கொடுத்ததைப் பிடுங்கினால், அவர் வழியாக வந்தவர்கள் எல்லோருடையதும் சேர்ந்து விழும். வாழ்நாள் முழுக்க அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் டேபிளில் விழுந்ததை மறுபடி கொடுக்கலாம். குடிநுழைவு அலுவலகத்தில் அது நடக்காது.

இப்போது நீங்கள் யோசியுங்கள். அவள் பேரில் எழுத முடியாது என்று நான் மறுக்கலாம். மறுத்தால், ஓய்வு வயதுக்குப் பிறகு வருடாவருடம் நீட்டித்துவந்த என் ஒப்பந்தமும் போகும், வேறு யாரையாவது வைத்து எழுதுவார்கள், அவளும் போவாள். கத்தலாம். கத்தினால் கிழவிக்குக் கோபம் என்று குறிப்பெழுதிவிட்டு மேலே போவார்கள். இந்த மாதிரி நேரத்தில் இல்லை என்று சொல்லாதீர்கள். சரி என்று சொல்லி, சரியென்றால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கே சொல்லிக் காட்டுங்கள்.

"சரி, எழுதிடலாம்" என்றேன்.

முத்துலட்சுமி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

"ஆனா ஹெட், கம்பெனியில வேலை பாக்கறவங்கதான் பேஷண்ட் டேபிளுக்குப் பொறுப்பா இருக்கலாம்னு ஒரு விதி இருக்கே. நீங்கதான வந்த முதல் வாரம் கூட்டம் போட்டுச் சொன்னீங்க? கைகூடத் தட்டினோமே. முத்து ஏஜென்ட் ஆளு. அவ பேர்ல எழுதணும்னா முதல்ல கம்பெனிக்குள்ள எடுக்கணும். இல்லாட்டி இந்த அறையில கம்பெனி ஆளுங்க மூணு பேரு இருக்கீங்க. யாரு பேர்ல எழுதட்டும்?"

நிதி தன் பேனாவை ஆராய்ந்தார். செயல்பாடு குளிரூட்டியை ஆராய்ந்தார். ஹெட் என்னைப் பார்த்தார். விதி அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதில் தெரியாதது ஒன்றுமில்லை. தன் பேரா, அவள் வேலையா என்று அவர் தராசில் வைத்துப் பார்ப்பது நெற்றியில் தெரிந்தது.

தன் பேரைக் காப்பாற்ற அந்த மனிதர் ஓடிய வேகத்தில் ஒரு குடும்பம் பிழைத்தது. "எடுத்துடலாம்," என்றார். "நானே ரெக்கமண்ட் பண்றேன். ரொம்ப நல்ல வர்க்கர். நான் ஆரம்பத்துலயே சொன்னேன்." யாரிடம் எப்போது சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

போனில் புவான் சம்மதித்தார். கம்பெனியே நேரடியாகப் பாஸ் எடுக்கட்டும் என்றார். நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் முத்துலட்சுமி வாயைத் திறந்தாள். ஐயோ பெண்ணே, கிடைத்ததை வாங்கிக்கொண்டு சும்மா இரேன் என்று அவள் காலை மேசைக்கடியில் மிதித்தேன். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

"புவான், நான் எடுத்துக்கறேன். ஆனா இன்னைக்கி மத்தியானத்துலேர்ந்து. காலையில நடந்தது எப்படி நடந்துச்சோ அப்படியே ரிப்போர்ட்ல வரணும். இல்லன்னா வேண்டாம் புவான், நான் ஊருக்கே போயிடறேன்."

எனக்கு ஏற்பட்ட ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. கஷ்டப்பட்டுக் கதவைத் திறந்துவிட்டால் வாசலில் நின்று பேரம் பேசுகிறாள். புவான் மலாயில், காலையில் என்ன நடந்தது என்று கேட்டார்.

"நான் கைட் பண்ணிட்டிருந்தேன்" என்றார் ஹெட்.

"கைட் பண்ணியது சரி," என்றார் புவான், "விரல் யாருடையது?"

ஹெட் சொன்னார். தன் விரல்தான் என்று சொன்னார். அப்படியே எழுதப்பட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் நீதிக்கதை என்று ஏமாந்துவிடக்கூடாது. ஓர் எச்சரிக்கை, அப்புறம் பதவி உயர்வு. அவர்களுக்கு அப்படித்தான் ஆகும்.

வீட்டை முத்துலட்சுமியின் பேரில் எழுதவில்லை. ஒருவராலும் உள்ளே நுழைய முடியாத ஒரு கணக்கின் பேரில் எழுதினோம். அதற்குப் பொறுப்பு அவளல்ல, அவள் பதவி. நாளைக்கு அவள் போனாலும் வீடு நிற்கும். பிள்ளைகளே, ஆளின் பேரில் வீடு கட்டாதீர்கள். ஆள் சிங்கப்பூர் போவார், ஆள் சாவார், ஆளுக்கு விமானம் இருக்கும்.

முத்துலட்சுமி பொறுப்பேற்றதும் பெருநாள் அனுமதிகளை எல்லாம் பிடுங்க ஆரம்பித்தாள். அலுவலகமே அலறியது. நிதி வந்து கெஞ்சினார். கார் நிறுத்துமிடக்காரர் தனக்கு அப்படியோர் அனுமதி இருப்பதே அப்போதுதான் தெரியும் என்றார். இருந்தும் கொடுக்க மனமில்லை. எனக்குப் பார்க்கப் பார்க்கப் பெருமை. நான் ஆளாக்கிய பெண் என்று கேட்டவரிடமெல்லாம் சொன்னேன். உண்மையில் நான் ஆளாக்கவில்லை. என் மிதியையும் மீறி ஆனவள் அவள்.

பிறகு என் முறை வந்தது. கடைசி நாள். மாலையில் கேக் வெட்டுவதாக ஏற்பாடு. மத்தியானம் சோறு சாப்பிட்டு வந்து, கடைசியாக ஒருமுறை நோயாளிகள் டேபிளைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். என் கையால் தட்டிய முதல் பெயர்களில் சில இன்னும் அதில் இருந்தன. திரை சொன்னது: உங்களுக்கு அனுமதி இல்லை.

போனைப் போட்டேன். "ஏம்மா முத்து, இன்னும் நான் வீட்டுக்குப் போகலையே?"

"ஆன்டி, இன்னைக்கி மத்தியானத்தோட முடியுதுன்னு போட்டிருந்தேன். ஏதாவது அவசர வேலை இருக்கா?"

"வேலை இல்ல. பாக்கத்தான்."

"பாக்கறதுக்கா?" என்றாள். குரல் இளகுமென்று காத்திருந்தேன். "சாரி ஆன்டி. கேக்குக்கு வந்துடறேன்."

எத்தனை திமிர் பாருங்கள். மாலை வரை அவளோடு பேசவில்லை. மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கேக்கில் பெரிய துண்டை அந்தக் குட்டி எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது.

போதும். எங்கே கண்ணு, முதலிலிருந்து வாசித்துக் காட்டு. ஹெட்டைத் திட்டிய இடங்களில் மட்டும் சத்தமாக வாசி.